வடக்கே பனி, இங்கே பறவை

மாக் மண்டின் வாசக நண்பருக்கு,

செப்டம்பரில் மழை பிடித்ததிலிருந்து சைக்கிள் வாசலில் சாய்ந்தே நிற்கிறது, ஐரோப்பாவில் பனியில்கூட ஓட்டுகிறார்கள், எனக்கு ஏன் மனம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறைசொல்ல மாட்டேன். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் நம் பக்கம் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் எழுகிறது. பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். இருட்டு, ஈரச் சாலை, தொழிற்பேட்டைக்கு வரும் லாரிகள். யாருக்குத்தான் போர்வையை விலக்கத் தோன்றும்?

ஆனால் மனம் வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. மறுமுனையில் ஏதாவது காத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது.

பாகான் ஆஜாமைக் கடந்து, விமானப்படைத் தளத்தையும் தாண்டி வடக்கே போனால் தெலுக் ஆயர் தாவார். அங்கிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக்கரையைப் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு முக்கியப் பறவைப் பகுதியாகப் பட்டியலிட்டிருக்கிறது. சைபீரியாவில் பனி இறுகுவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பும் உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் இந்தச் சேற்றில்தான் வந்து இறங்குகின்றன. ரஷ்யாவின் கிழக்குக் கரையில் குஞ்சு பொரிக்கும், உலகில் அருகிப்போன நார்ட்மன் பச்சைக்காலியும் இங்கே வருகிறது. ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் இந்த விருந்து. நீங்கள் வீட்டுக்குள் முடங்கிவிடும் அதே மாதங்கள்!

கடல் ஏறும் நேரத்துக்குப் போங்கள். முழுக்க வற்றியிருந்தால் பறவைகள் தொலைவில் வெறும் புள்ளிகள். நீர் ஏற ஏற அவை கரைப்பக்கம் ஒதுங்கும். நீண்ட அலகைச் சேற்றில் கண்வரை செருகிப் புழு தேடும் மூக்கனை அப்போது கண்ணாரப் பார்க்கலாம். கடலேற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் கடல் முடிவு செய்துவிட்டால் போகலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இடமே இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உந்துதல் கிடையாது.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கிளாந்தானையும் திரங்கானுவையும்தான் புரட்டியெடுக்கும். நமக்குத் தித்திவாங்சா மலைத்தொடர் அரணாக நிற்கிறது. நம்முடைய பெருமழை செப்டம்பர் முதல் நவம்பர் வரை. பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறண்ட மாதங்கள். பெருமழை மாதங்களில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று மட்டும் விடியற்காலையிலும் அடிக்கும். அதனால் இரவே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். இடி கேட்டால் பயணத்தை அத்தோடு நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். திறந்தவெளியில் மின்னலோடு விளையாட்டு வேண்டாம்.

வண்டிக்கு அதிகம் செலவு தேவையில்லை. முன்னும் பின்னும் விளக்கு, இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு. பிரேக் கட்டை சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகையானால், நனைந்த விளிம்பில் அது முதலில் வழுக்கும். நீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். எனவே சந்திப்புக்கு வெகு முன்னாலேயே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். சாலையின் வெள்ளைக் கோடுகள் மீது திரும்பாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பழந்துணியால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடற்காற்றில் ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

தனியாகப் போக மனமில்லை என்றால் பிள்ளைகளில் ஒருவரையாவது அழைத்துப் போங்கள். மாக் மண்டின் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை, தன் ஊருக்குப் பக்கத்தில் சைபீரியப் பறவை இறங்குகிறது என்பதைப் புத்தகத்தில் அல்ல, நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வார இறுதியில் கடல் எப்போது ஏறுகிறது என்று இன்றே பாருங்கள். போய்வந்து, என்னென்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்