வெள்ளையை விட்டு வைப்போம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. எங்களுக்கோ அது தலைகீழாக வந்து சேர்ந்தது. சுவர் போகப் போகிறது. அதற்குள் சித்திரம் எழுதியாக வேண்டும்!

எங்கள் மூவரில் ஒருத்தியின் பாட்டி குடியிருந்த ஓட்டு வீடு மிகப் பழையது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், முகப்பில் ஒரு சிறு சிலுவை, முற்றத்தில் ஒரு பலாமரம். கூரை மரங்களைக் கரையான் அரித்துவிட்டதால், மழைக்கு முன்பாக, சென்ற மே மாதக் கடைசியில் வீட்டைப் பிரிப்பதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பாட்டி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "போட்டோ நிறைய எடுத்தாச்சு பாட்டி" என்று பேரன் செல்போனைக் காட்டினான். பாட்டி எங்களைப் பார்த்து, "அது அவன் கையிலதான் இருக்கும். எனக்கு மாட்டி வச்சுப் பாக்க ஒண்ணு வேணும் மக்களே. நீங்க படம் வரைவீங்கல்லா?" என்று கேட்டார்கள்.

வரைவோம் என்று உடனே சொல்லிவிட்டோம். ஓவிய நோட்டில் வீட்டை வரைந்து, கேக் வர்ணம் தீட்டி, சுவருக்கு மட்டும் வெள்ளை போஸ்டர் வர்ணத்தைக் கெட்டியாகப் பூசினோம். தாள் அப்பளம்போல் நெளிந்தது. வெள்ளை வர்ணம் காய்ந்து சாம்பல் பூத்தது. பாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "வீடு சரிதான். சுவருக்குத்தான் சீக்கு வந்தது போல இருக்கு" என்றார்கள்.

வெட்கத்துடன் எங்கள் ஓவிய சிஸ்டரிடம் சென்றோம். சிஸ்டர் தம் அலமாரியைத் திறந்து, புதுச்சேரியிலிருந்து வாங்கி வைத்திருந்த பருத்திக் கைக்காகிதம் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். அதன் ஓரத்தில் வெட்டிய நான்கு கீற்றுகளையும் தந்தார்கள். "பிள்ளைகளே, தாள் ஒன்றுதான் இருக்கிறது. கெடுத்துவிட்டால் வேறு கிடையாது. முதலில் துண்டுகளில் பழகுங்கள். வெள்ளையைத் தேடி டப்பாவுக்குப் போகாதீர்கள். அது தாளிலேயே இருக்கிறது" என்றார்கள். அந்தச் சொல் அன்று எங்களுக்குப் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள நாங்கள் வீட்டில் செய்து பார்த்த சோதனைகளே இக்கட்டுரை.

நீர்வர்ணம் என்பது என்ன?

மிக நுண்ணிய வர்ணப் பொடியை அரபுப் பிசினோடு சேர்த்துச் செய்வது நீர்வர்ணம். இப்பிசின் ஆப்பிரிக்க நாட்டு அக்கேசியா மரத்திலிருந்து வடிவது. நம் ஊர்க் கருவேலமும் அதற்கு உறவு மரமே. நீர் ஆவியாகிப் போனபின், பிசின்தான் வர்ணத்தைத் தாளில் பிடித்து வைக்கிறது. வர்ணம் மெல்லிய கண்ணாடிபோல் தாள்மீது படிவதால், ஒளி அதனூடே உட்சென்று, கீழிருக்கும் வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நீர்வர்ணப் படத்தில் ஒளி தெரிவதன் இரகசியம் இதுதான். போஸ்டர் வர்ணம் அப்படியன்று. அது தாளை மூடிவிடும். நாங்கள் சுவரை வெள்ளையாக்குவதாக எண்ணி, சுவருக்கு வெளிச்சம் தரும் தாளையே மூடிவிட்டோம்!

ஆகவே நீர்வர்ணத்தில் வெளிறிய நிறத்தை முதலில் தீட்டி, அடர்ந்த நிறத்துக்குப் பின்னர் போக வேண்டும். எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே ஒன்றும் தீட்டாமல் விட வேண்டும். சொல்வது எளிது, விடுவது எப்படி?

தாள்

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடையுள்ளது என்பதே அதன் ஜி.எஸ்.எம். அளவு. நீர்வர்ணத்துக்கு 300 கிராம் தாள் நல்லது. எங்கள் ஓவிய நோட்டுத் தாள் அதில் பாதி கனம்கூட இராது. தாளில் உள்ள நார்கள் நீரைக் குடித்து உப்புகின்றன. ஈரம்பட்ட இடம் உப்ப, படாத இடம் அப்படியே இருப்பதால்தான் தாள் நெளிகிறது.

இதற்கு ஒரு வழி கண்டோம். மெல்லிய தாளை ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பலகைமீது பரப்பி, நான்கு ஓரங்களையும் பழுப்புக் காகிதப் பட்டையில் மைதாப் பசை தடவி ஒட்டினோம். காயும்போது தாள் சுருங்க முயன்று, மத்தளத் தோல்போல் விறைத்து நின்றது. அதன்மேல் தீட்டியபோது முன்போல் நெளியவில்லை.

ஈரத்தின் நான்கு நிலைகள்

எங்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது அவசரம். முதல் நிறம் காயுமுன் அடுத்ததைத் தீட்டி, பலாமரத்தின் பச்சையை ஆகாயத்தில் ஓடவிட்டோம். பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உள்ளங்கை அளவு நீலம் தீட்டிக் கவனித்தோம். முதலில் தாள் கண்ணாடிபோல் பளபளத்தது. பின் பளபளப்பு மங்கியது. பின் காய்ந்ததுபோல் தோன்றியது. ஆனால் புறங்கையை மெல்ல வைத்தபோது குளிர்ந்தது. உள்ளே இன்னும் ஈரம்! குளிர்ச்சியும் போனபிறகே உண்மையில் காய்ந்தது. விசிறி இல்லாமல் இதற்கு 20 நிமிடமும், விசிறியின் கீழ் 8 நிமிடமும் ஆயிற்று. காய்ந்தபின் நிறம் வெளிறுவதையும் கண்டோம்.

பளபளப்பு மங்கும் வேளையில் ஒரு சொட்டு நீர் விழுந்தால், அது பாதி காய்ந்த வர்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிபிளவர் பூப்போல ஒரு கறையை உண்டாக்கும். அதே வேளையில் கல்லுப்பைத் தூவினால், ஒவ்வொரு உப்புக் கல்லும் தன்னைச் சுற்றியுள்ள வர்ணநீரை இழுத்து, நட்சத்திரம் போன்ற வெளிறிய புள்ளிகளை விடும். தூளுப்பு சிறு புள்ளி. கல்லுப்பு பெரும் புள்ளி. பாசி பிடித்த பழைய ஓட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. நன்றாகக் காய்ந்தபின் உப்பைத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

காத்திருப்பதில் நம் நாட்டு மேதை ஒருவரும் எங்களுக்கு வழிகாட்டியாவார். வங்காளத்து அவனீந்திரநாத் தாகூர், 1903-ல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து கற்ற முறையில், தீட்டிய படத்தை நனைத்து, காயவிட்டு, மறுபடியும் மெல்லிய வர்ணம் கொடுத்து நிறத்தைப் படிப்படியாக ஏற்றினார். 1905-ல் அவர் தீட்டிய 'பாரத மாதா' இத்தகைய நீர்வர்ணப் படமே.

மெழுகுதிரியும் ரப்பர் பாலும்

வெள்ளையைக் காக்க இரண்டு காவலர்களைக் கண்டோம். முதலாவது, பாஸ்கா திருவிழிப்பில் நாங்கள் பிடித்து மீந்த மெழுகுதிரித் துண்டு. தாளில் மெழுகைத் தேய்த்தால் நீர் அங்கே ஒட்டாது. தாளின் மேடுகளில் மட்டும் மெழுகு படிவதால், சொரசொரப்பான பழைய சுவர்போலவே தெரியும். ஆனால் மெழுகைத் திரும்ப எடுக்க இயலாது. என்றைக்கும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மட்டுமே தேய்க்கலாம். ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர், 1940, 1941-ஆம் ஆண்டுகளில் இலண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய காட்சிகளை, மெழுகையும் நீர்வர்ணத்தையும் இப்படிச் சேர்த்தே வரைந்தார்.

இரண்டாவது காவலன் நம் மாவட்டத்துச் சொத்தாகிய ரப்பர் பால். கடைகளில் விற்கும் மறைப்புத் திரவமும் பெரும்பாலும் இதுவே. எங்கள் மாமா ஒருவரின் தோட்டத்தில் காலையில் பால்வெட்டு முடிந்ததும், சிரட்டையிலிருந்து சிறிது வாங்கி வந்தோம். பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும் என்பதால் மாமாவே சில சொட்டு அமோனியா கலந்து தந்தார். அதன் நெடி கடுமையானது; பெரியவர்கள்தான் அதைக் கையாள வேண்டும். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். நீர் போனதும் ரப்பர் தோல்போல் படிந்து, அடியிலுள்ள தாளை மறைத்து நிற்கும். மேலே வர்ணம் தீட்டிக் காய்ந்தபின், விரலால் உருட்டினால் தோல் உரிந்து வெள்ளைத் தாள் வெளிவரும்.

கேட்பதற்கு அழகாயிருக்கிறதல்லவா? எங்கள் சோதனைகளின் முடிவைக் கேளுங்கள்:

முதல் நாள், புது பிரஷைப் பாலில் தோய்த்தோம். ஐந்தே நிமிடத்தில் மயிர்கள் ஒட்டிக் கட்டையாகி, பிரஷ் குப்பைக்குப் போயிற்று. அதன்பின் தென்னை ஈர்க்கின் நுனியையே பயன்படுத்தினோம். மெல்லிய கோட்டுக்கு அதுவே சிறந்தது.

இரண்டாம் நாள், ஓவிய நோட்டுத் தாளில் தடவி உரித்தோம். ரப்பரோடு தாளின் தோலும் வந்துவிட்டது. சிஸ்டர் தந்த கீற்றிலோ சுத்தமாக உரிந்தது. நல்ல தாளுக்கு வச்சிரம் போன்ற பசை ஏற்றியிருப்பதால், பால் நார்களுக்குள் இறங்குவதில்லை.

மூன்றாம் சோதனையில், தடவிய பாலை இரண்டு நாள் அப்படியே விட்டோம். அது இறுகிப் பழுப்பேறி, தாளிலும் கறை விட்டது. ஆகவே தடவிய அன்றே தீட்டி, அன்றே உரிக்க வேண்டும்.

1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் விஞ்ஞானி, பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இப்பொருள் உதவுவதைக் குறித்து எழுதினார். தேய்ப்பது என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லிலிருந்தே ரப்பர் என்ற பெயரும் வந்தது. கோட்டை அழிக்கும் ரப்பர், வெள்ளையைக் காக்கவும் செய்வது விந்தையன்றோ!

நிலைக்கும் நிறம் எது?

வீடு போய்விடும், படமாவது நிலைக்க வேண்டுமே! எனவே மஞ்சள் தூளைக் கரைத்தும், பீட்ரூட்டைப் பிழிந்தும் தாளில் தீட்டி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில்படும் சன்னலில் இரண்டு வாரம் வைத்தோம். மூடாத பாதியில் பீட்ரூட் பழுப்பாயிற்று. மஞ்சளோ ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அடுப்பங்கரை நிறங்கள் கண்ணுக்கு இனியவை. ஆனால் வெயிலுக்கு நிற்பவை அல்ல என்று அறிந்து, கடை வர்ணத்தையே எடுத்தோம்.

அந்த ஒரே தாள்

வீட்டைப் பிரிக்க மூன்று நாள் இருக்கையில், காலை ஏழு மணிக்கு முற்றத்தில் அமர்ந்தோம். கை நடுங்கிற்று என்பதை மறைக்கவில்லை. பென்சிலால் மெல்லக் கோடிட்டோம். சிலுவைக்கும் சன்னல் கம்பிகளுக்கும் ஈர்க்கினால் ரப்பர் பால் தடவினோம். சுவரின் அடிப்பகுதியில் மெழுகு தேய்த்தோம். ஆகாயம், ஓடு, மரம் என்று ஒவ்வொன்றாகத் தீட்டி, புறங்கை குளிராமல் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருந்தோம்.

கடைசியாகச் சுவர். அதில் என்ன தீட்டுவது? அப்போதுதான் கவனித்தோம்: வெள்ளைச் சுவர்மீது விழுந்திருந்த பலாமர நிழல் கறுப்பல்ல, மங்கிய நீலம். அந்த நிழலை மட்டும் தீட்டினோம். தீட்டாமல் விட்ட இடமெல்லாம் உடனே காலை வெயிலாக மாறிற்று! சிஸ்டர் சொன்னது அந்த நொடியில் விளங்கிற்று.

ஆனால் ஆகாயம் தீட்டுகையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. பாதி காய்ந்த நீலத்தில் எங்களில் ஒருத்தியின் நெற்றி வியர்வை சொட்டி, அதே காலிபிளவர் கறை பூத்துவிட்டது. துடைத்தால் தாளின் மேற்புறம் கெடும் என்பதை அறிந்திருந்ததால், அழுகையை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டோம்.

படத்தைப் பாட்டியிடம் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள், விரலால் சுவரைத் தொட்டு, "சுவருக்கு என்ன கலர் போட்டீங்க மக்களே?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் போடல்ல பாட்டி" என்றோம்.

சிறிது நேரம் பேசாதிருந்த பாட்டி, ஆகாயத்துக் கறையைக் காட்டி, "மழை வருது, பாரு" என்றார்கள். மூன்றாம் நாள் ஓடுகளை இறக்கினார்கள். பலாமரம் மட்டும் நிற்கிறது. படம் இப்போது மாமா வீட்டில், பாட்டியின் கட்டிலுக்கு எதிரே, வெயில் படாத சுவரில் தொங்குகிறது.

அன்புத் தோழியரே! நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. மெழுகுத் துண்டு, கல்லுப்பு, ஈர்க்கு, சிறிது பொறுமை ஆகியவை போதும். கெட்டுப்போன துண்டுகளைத் தூக்கி எறியாமல், என்ன செய்தோம் என்று பின்புறம் எழுதி வையுங்கள். அவையே உங்கள் பாடநூல். எங்களிடம் 41 துண்டுகள் இருக்கின்றன. 

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு