ஏர்கன்னின் பலத்தை வீட்டிலேயே அளக்கலாம்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஏர்கன் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு வேகத்தில்தான் தொடங்கும். "என்னுது ஆயிரம் அடி போகும்ணா" என்பார்கள். அந்த ஆயிரம் அடி பெட்டியில் அச்சடித்தது. எந்தக் குண்டை வைத்து அளந்தார்கள் என்பதுதான் கேள்வி. 0.35 கிராம் லேசான குண்டு விநாடிக்கு 305 மீட்டரில் (அதுதான் ஆயிரம் அடி) போனால் அதன் ஆற்றல் 16.3 ஜூல். 0.53 கிராம் ஈயக் குண்டு 250 மீட்டரில் போனாலே 16.6 ஜூல் வந்துவிடும். ஆகவே இரண்டு ஸ்பிரிங் ஏர்கன்களை ஒப்பிட வேண்டுமென்றால் வேகத்தை விட்டுவிட்டு ஜூலைப் பாருங்கள். கணக்கு எளிது: குண்டின் எடையை கிராமில் எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கி 2000-ஆல் வகுக்க வேண்டும்.

முதல் வேலை எடை. நகைக்கடைத் தராசில் பத்துக் குண்டுகளை ஒன்றாக வைத்து, வருவதைப் பத்தால் வகுங்கள். அப்படியே ஒவ்வொன்றாகவும் வைத்துப் பாருங்கள். மலிவான டப்பாவில் குண்டுக்குக் குண்டு எடை மாறும். துப்பாக்கியின் மேல் விழும் பழியில் பாதி குண்டுடையது.

வேகம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் ஊஞ்சல் போதும். அரைக் கிலோ வரும்படி ஒரு மரக்கட்டை எடுத்து, முகப்பில் குடைந்து களிமண் அடைத்துக்கொள்ளுங்கள். குண்டு தெறிக்காமல் உள்ளேயே நிற்க வேண்டும். களிமண்ணோடு சேர்த்து எடை போடுங்கள். காற்றடிக்காத கொட்டகை விட்டத்திலிருந்து, கட்டை திரும்பாதபடி நான்கு கயிற்றில், கட்டையின் நடுவிலிருந்து 2 மீட்டர் உயரம் வருமாறு தொங்கவிடுங்கள். பின்னால் மணல் மூட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஆளோ ஆடோ இருக்கக்கூடாது. மூன்று மீட்டர் தள்ளி நின்று, இடையில் துளையிட்ட அட்டை ஒன்றை நிறுத்திச் சுடுங்கள். அட்டை இல்லாவிட்டால் பேரலிலிருந்து வரும் காற்றும் கட்டையைத் தள்ளக்கூடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, போனில் ஸ்லோமோஷனில் படமெடுத்தால் கட்டை எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். கட்டையின் எடையைக் குண்டின் எடையால் வகுத்து, நகர்ந்த தூரத்தை மீட்டரில் எடுத்துப் பெருக்கி, அதை 2.21-ஆல் பெருக்கினால் வேகம் கிடைக்கும். 500 கிராம் கட்டை, 0.53 கிராம் குண்டு, 8.6 சென்டிமீட்டர் நகர்வு என்றால் விநாடிக்குச் சுமார் 180 மீட்டர், ஆற்றல் 8.6 ஜூல். இதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் வேகத்தில் 2 மீட்டர் தவறும்.

பத்து முறை சுட்டு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். சராசரியை விட ஏற்ற இறக்கம்தான் முக்கியம். கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் குண்டின் வேகம் 170, 180 மீட்டர் அளவில்தான். ஆனால் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதை அடிக்க வைப்பது வேகமல்ல, ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போவது.

நீங்கள் அளந்த வேகம் விநாடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால், பேரலை மடக்கும் இடத்திலுள்ள வாஷரைச் சோதியுங்கள். அந்த இணைப்பின் மேல் டிஷ்யூ காகிதக் கீற்றை வைத்துச் சுட்டால், காற்று கசிகிறபோது காகிதம் பறக்கும். வாஷர் மாற்றினாலே பல துப்பாக்கிகள் சரியாகிவிடும்.

அதற்கு மேல் பிரித்துச் சீர்செய்து (டியூனிங்) எவ்வளவு தேற்ற முடியும் என்பதைச் சிலிண்டர்தான் சொல்லும். பிஸ்டனின் விட்டம் 25 மில்லிமீட்டர், ஓட்டம் 75 என்றால் அது தள்ளும் காற்று சுமார் 37 கன சென்டிமீட்டர். 28-க்கு 90 என்றால் 55. சின்னச் சிலிண்டரில் முரட்டு ஸ்பிரிங் போட்டால், அடைபட்ட காற்றில் மோதி பிஸ்டன் பின்னுக்குத் துள்ளும். மடக்கக் கை வலிக்கும், உதறல் கூடும், வேகமோ அப்படியே நிற்கும்.

டியூனிங்கில் இறங்குவதற்கு முன் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையோ 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ இருந்தால் உரிமம் வேண்டும். டியூனிங் செய்து 20-ஐத் தாண்டினால் அது உரிமமில்லாத ஆயுதம். மாந்தோப்பில் மயிலோ கிளியோ வந்தாலும் சுடக்கூடாது; வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அனுமதியின்றி ஏர்கன்னைக் கொண்டுபோவதே தவறு.

பிரிப்பதாக இருந்தால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் தொடவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங், பின்மூடியைக் கழற்றியதும் முகத்தில் பாயும். உள்ளே பிசிறுகளை நீவி, தேய்ந்த பிஸ்டன் சீலை மாற்றி, ஸ்பிரிங் நடுவிலுள்ள கைடு ஆடாமல் இறுக்கமாக அமரும்படி செய்து, மாலி கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். சுட்டதும் வரும் கிர்ரென்ற அதிர்வு அடங்கும். பிஸ்டனுக்கு முன்னால் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடக்கூடாது. அழுத்தச் சூட்டில் எண்ணெய் பற்றி, புகையும் பெருஞ்சத்தமும் வரும். வேகம் கூடியதாகத் தெரியும், ஆனால் சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும்.

மாட்டியபின் ஐம்பது குண்டாவது சுட்டுக் கிரீஸ் அமர விடுங்கள். பிறகு அதே டப்பாக் குண்டுகளால் ஊஞ்சலில் மறுபடி பத்து முறை அளந்து பழைய தாளோடு ஒப்பிடுங்கள். கடைசியாக 10 மீட்டரில் காகிதம் ஒட்டி, முன்கட்டையைப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையில் சும்மா தாங்கிச் சுடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குண்டு சிதறும். குண்டுகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கிய பிறகு சைட்டைத் திருப்பினால் போதும்.