ஆபீசில் மெடிக்கல் கேம்ப்பா?

நழுவிவிடாதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருடக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் இருக்கக்கூடியவை.

பி.பி. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, சிகரெட் வேண்டாம். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாமல், 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில், கை மேஜை மேல், பேச்சு கூடாது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. ரிப்போர்ட்டை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். தினசரி நடையும் எடைக் குறைப்பும் நன்றாகப் பலன் தரும் கட்டம் இதுதான். 126-ம் அதற்கு மேலும் என்றால் டாக்டரிடம் மறுபரிசோதனை அவசியம்.

கேன்டீன் கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள்: மாலை டீக்கு பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் போடுங்கள், சர்க்கரையைத் தனியாக வையுங்கள்.