அர்ச். தேவசகாயம் யாருடைய பிள்ளை?



ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் வேளையில், அர்ச். தேவசகாயத்தின் திருநாள் வருகிறது. 1752-ம் ஆண்டில் அதே தேதியில்தான் அவர் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு வேதசாட்சி முடி பெற்றார். 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 2022-ம் ஆண்டு மே 15-ம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் ரோமாபுரியில் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். இந்தியாவில் குடும்பஸ்தராய் வாழ்ந்தவர்களில் இந்த மகிமை பெற்ற முதல்வர் அவரே.

அவருடைய பொறுமையையும் ஜெபத்தையும் பற்றிக் கேட்கிறவர்கள் சிலர். "அவர் எந்த ஜாதி?" என்று கேட்கிறவர்களோ பலர். தகப்பனார் பிராமணராம் என்பார் ஒருவர். இல்லை, அவர் நாயர் என்பார் மற்றொருவர். பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' என்று இருந்ததே, அப்படியானால் நம் ஜில்லாவிலுள்ள பிள்ளைமார்தானே என்பார் வேறொருவர். கல்யாணப் பந்தியில் தொடங்கும் இந்தப் பேச்சு சில சமயம் மனஸ்தாபத்தில் போய் முடிகிறது.

கேள்வி கேட்பதே குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. மத்தேயு சுவிசேஷமே ஒரு வம்ச அட்டவணையோடுதான் தொடங்குகிறது. ஆனால் ஒருவருடைய பெற்றோரைப்பற்றி விசாரிக்கப் புகுந்தால் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். சொல்லப்படும் செய்தி எதன்மேல் நிற்கிறது? அந்தக் காலத்து, அந்தத் தேசத்து முறை என்ன? நாம் எதற்காகக் கேட்கிறோம்? இம்மூன்றையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. சொல்லப்படும் செய்தி

அர்ச். தேவசகாயம் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் தேதி, இப்போது கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். தகப்பனார் வாசுதேவன் நம்பூதிரி. காயங்குளத்திலிருந்து வந்து திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசை செய்தவர். தாயார் தேவகி அம்மை; நாயர் குடும்பத்துப் பெண்மணி. இப்படித்தான் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பகுத்தறிய வேண்டும். அவர் விசுவாசத்திற்காக உயிர் துறந்தார் என்பதைத் திருச்சபை நீண்ட விசாரணை செய்து தீர்மானித்தது. அவர் மரித்து நான்கு வருஷத்திற்குள், 1756-ல், கொச்சி மேற்றிராணியார் ரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இந்த வேதசாட்சியைப்பற்றி எழுதியிருந்தார். பெற்றோரின் பெயர்களோ பாரம்பரியமாக நமக்கு வந்து சேர்ந்தவை. அவற்றை மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கும்போது பாப்பரசர் தீர்ப்புச் சொல்வது அந்த ஆத்துமம் மோட்சத்தில் இருக்கிறது என்பதைப்பற்றியே. தகப்பனாரின் ஊரும் குலமும் விசுவாசப் பிரமாணத்தில் சேர்ந்தவை அல்ல. சரித்திரம் படித்தவர்கள் அவற்றை ஆராயலாம். அதனால் நம் விசுவாசத்திற்கு ஒரு குறையும் வராது.

2. தகப்பன் வழியா, தாய் வழியா?

தகப்பனார் நம்பூதிரி பிராமணர் என்றால் மகனும் பிராமணன்தானே என்று நமக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் தகப்பன் வழியே வம்சம் எண்ணிப் பழகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. அக்காலத்துத் திருவிதாங்கூரில் நாயர் குடும்பங்களின் முறை வேறு. அதற்கு மருமக்கள் வழி என்று பெயர். பிள்ளைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவர்கள். தாயின் சகோதரனாகிய மாமனே குடும்பத் தலைவன். அவனுக்குப்பின் சொத்தும் அதிகாரமும் அவன் மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும். நம்பூதிரிக் குடும்பங்களில் இளைய குமாரர்கள் நாயர் பெண்களோடு சம்பந்தம் செய்துகொள்வது அக்காலத்து வழக்கம். அப்படிப் பிறந்த குழந்தைகள் நம்பூதிரிகள் ஆவதில்லை. தகப்பனாரின் இல்லத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை.

இம்முறை எவ்வளவு உறுதியாயிருந்தது என்பதற்கு அரசகுடும்பமே சாட்சி. 1729-ம் ஆண்டு ராமவர்மா மகாராஜா இறந்தபோது அவருடைய குமாரர்களான தம்பிமார் சிங்காசனத்திற்கு உரிமை கோரினார்கள். ஆனால் அரசரானவர் சகோதரியின் மகனாகிய மார்த்தாண்டவர்மா. நம் அர்ச்சியசிஷ்டர் அப்போது பதினேழு வயது வாலிபர். பின்னர் அவர் உத்தியோகம் பார்த்ததும், பாடுபட்டு மரித்ததும் இதே மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியிலேதான்.

இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் சுரண்டைக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டை 1956-ம் ஆண்டு வரையில் திருவிதாங்கூரைச் சேர்ந்தே இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர் நடுவிலும் மருமக்கள் வழி இருந்தது. அதனால் மனைவி மக்கள் பட்ட துன்பத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலில் பாடியிருக்கிறார். கேரளத்தில் 1975-ம் ஆண்டுச் சட்டத்தினால் இந்தக் கூட்டுக்குடும்ப முறை ஒழிந்துபோயிற்று.

ஆகையால் 'பிராமணரா, நாயரா' என்ற வழக்குக்கு விடை கிடைக்கிறது. தகப்பனாரைப்பற்றிய பாரம்பரியம் முற்றிலும் சரியாயிருந்தாலும், அக்காலத்து முறைப்படி நீலகண்டன் தன் தாய் வீட்டுப் பிள்ளை, நாயர் குடும்பத்தவர். தகப்பனாரைப்பற்றி வேறொருவர் வேறு அபிப்பிராயம் சொன்னாலும் அவர் வளர்ந்த வீடு மாறப்போவதில்லை. தகப்பன் பெயரைக் கொண்டு அவரைப் பிராமணராக்க முயல்கிறவர்கள் அந்தத் தேசத்தின் முறையை அறியாமல் வாதாடுகிறார்கள்.

3. 'பிள்ளை' என்ற பட்டம்

திருநெல்வேலிச் சீமையில் 'பிள்ளை' என்றவுடன் வேளாளரை நினைக்கிறோம். திருவிதாங்கூரிலோ அது நாயர் குடும்பத்து உத்தியோகஸ்தருக்கும் பிரபுக்களுக்கும் வழங்கிய பட்டம். மார்த்தாண்டவர்மாவை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களின் பெயரே இதைக் காட்டும். சொல் ஒன்று, வழக்கு இரண்டு. ஆகவே பட்டப்பெயரை மட்டும் பார்த்து அவரை நம் ஜில்லாவிலுள்ள ஒரு ஜாதியில் சேர்ப்பது பொருந்தாது.

அன்றியும், ஜாதியைக் குறிக்கும் இச்சொல் அர்ச்சியசிஷ்டரின் பெயரோடு சேர வேண்டாம் என்று விசுவாசிகள் சிலர் ரோமாபுரிக்கு எழுதி மன்றாடினார்கள். 2022-ல் பட்டம் அளிக்கப்பட்டபோது 'தேவசகாயம்' என்ற பெயரே வாசிக்கப்பட்டது. 'பிள்ளை' என்பது அதில் இல்லை.

4. சுவிசேஷத்திலும் இப்படி ஒரு கேள்வி

அர்ச். சூசையப்பருடைய தகப்பனார் யார்? மத்தேயு யாக்கோபு என்கிறார். லூக்காஸ் ஏலி என்கிறார். ஒரு மனிதனுக்கு இரண்டு தகப்பனாரா என்று பழைய காலத்திலேயே பரிகாசம் செய்தவர்கள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற வேதசாஸ்திரி ஒரு விளக்கம் எழுதினார். யூசேபியுஸ் மேற்றிராணியார் அதைத் தம் திருச்சபைச் சரித்திரத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அவர் சொன்னது யாதெனில்: யாக்கோபும் ஏலியும் ஒரு தாய் வயிற்றில் இரு தகப்பன்மாருக்குப் பிறந்த சகோதரர். ஏலி பிள்ளையில்லாமல் இறந்துபோனார். மோயீசன் கட்டளைப்படி, சந்தானமில்லாமல் இறந்தவனுடைய மனைவியை அவன் சகோதரன் மணந்து, முதற்பிள்ளையை இறந்தவன் பெயரில் நிலைநாட்ட வேண்டும். அவ்விதம் யாக்கோபுக்குப் பிறந்தவர் சூசையப்பர். பிறப்பினால் யாக்கோபின் மகன்; சட்டத்தினால் ஏலியின் மகன். லூக்காஸ் எழுதியது கன்னிமாமரியின் வம்சமே என்று வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும், யூதருடைய முறையை அறியாதவன் அந்த அட்டவணையை வாசித்துக் குழம்புவான் என்பது நிச்சயம். நட்டாலத்துக் காரியமும் அப்படியே.

பாரம்பரியத்தை எப்படி மதிப்பது என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. தேவமாதாவின் பெற்றோர் அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் என்கிறோம். ஜூலை 26-ம் தேதி அவர்கள் திருநாளைக் கொண்டாடுகிறோம். இந்தப் பெயர்கள் வேதாகமத்தில் இல்லை. யாகப்பர் பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பழைய நூலொன்றில் இருக்கின்றன. அந்த நூலைத் திருச்சபை வேதாகமத்தில் சேர்க்கவில்லை; ஆனால் அப்பெயர்களை அன்போடு வழங்கி வருகிறது. வேத வாக்கியத்திற்கு வேத வாக்கியத்தின் மதிப்பு, பாரம்பரியத்திற்குப் பாரம்பரியத்தின் மதிப்பு என்று கொடுப்பதே ஒழுங்கு.

5. எதற்காகக் கேட்கிறோம்?

நாசரேத்து ஜனங்களும் நம் ஆண்டவருடைய பெற்றோரைப்பற்றிக் கேட்டார்கள். அறிந்துகொள்ள அல்ல, அவமதிக்கக் கேட்டார்கள். தச்சன் வீட்டுப் பிள்ளைதானே என்று சொல்லி அவருடைய போதகத்தைத் தள்ளிவிட்டார்கள். குலத்தைக் கேட்டுத் தாழ்த்துவது ஒரு பாவமானால், குலத்தைக் கேட்டுத் தன்னை உயர்த்திக்கொள்வது மற்றொரு பாவம். "எங்கள் ஜாதியிலிருந்து ஒரு அர்ச்சியசிஷ்டர்" என்று மார்தட்டுகிறவன் அவருடைய புண்ணியத்தையா பின்பற்றுகிறான்?

நீலகண்டன் செய்தது என்னவென்று பாருங்கள். 1741-ல் குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர் சேனைக்குத் தலைவரான டச்சுக்காரர் டிலனாய் மூலமாகச் சத்திய வேதத்தை அறிந்தார். 1745-ம் ஆண்டு மே மாதம் வடக்கன்குளத்தில், பரஞ்சோதிநாதர் என்று நம் முன்னோர் அழைத்த சேசு சபைக் குரு புட்டாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற ஞானப்பெயர் தரப்பட்டது. தேவன் சகாயம் செய்தார் என்பதே அதன் பொருள். அதைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். அதன்பின் ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லாரும் சமமென்று போதித்து, எல்லாரோடும் பழகினார். உயர்ந்த குலத்தாருடைய பகைக்கு அதுவும் ஒரு காரணம். 1749-ல் சிறைப்பட்டார். கௌரவமாய் நடமாடிய உத்தியோகஸ்தரை எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். தாய்வீடு தந்த குலப்பெருமை எல்லாம் போயிற்று. அவர் உதறிவிட்டுப் போனதை நாம் குனிந்து பொறுக்குவது முறையா?

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் நமக்கு மற்றொரு பாடமும் கற்பிக்கிறது. 1872-ல் அவ்வூரில் எழும்பிய கோவிலில் வேளாளர் ஒரு பக்கமும் நாடார் முதலானோர் மறு பக்கமும் இருக்கும்படி நடுவே சுவர் நின்றது. ஒரே பீடம், ஒரே பூசை, நடுவில் சுவர்! 1910-ம் ஆண்டு கௌசானல் சுவாமியார் அச்சுவரை இடித்துப்போட்டார். வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. ஆனாலும் சுவர் திரும்ப எழும்பவில்லை. சுரண்டையிலிருந்து திருநெல்வேலி, வள்ளியூர் வழியாய்ப் போனால் ஒரே நாளில் வடக்கன்குளமும் காற்றாடிமலையும் தரிசித்துத் திரும்பலாம். பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் அந்தச் சுவரின் கதையையும் சொல்லிக்கொடுங்கள்.

கல்லும் சுண்ணாம்புமான சுவர் போய்விட்டது. சம்பந்தம் பேசும்போதும், கல்லறைக்கு இடம் பார்க்கும்போதும், திருநாள் வரியும் மண்டகப்படியும் பிரிக்கும்போதும் எழும்புகிற சுவரை ஒவ்வொரு குடும்பமும் தானே இடிக்க வேண்டும்.

வினா விடை

வினா: அர்ச். தேவசகாயத்தின் பெற்றோர் யார்?
விடை: வாசுதேவன் நம்பூதிரி, தேவகி அம்மை என்று பாரம்பரியம் சொல்கிறது.

வினா: அப்படியானால் அவர் பிராமணரா?
விடை: அல்ல. மருமக்கள் வழி முறைப்படி அவர் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

வினா: பெற்றோரின் பெயர் விசுவாச சத்தியமா?
விடை: அல்ல. அது சரித்திரச் செய்தி. அவர் மோட்ச பாக்கியம் அடைந்தார் என்பதே திருச்சபையின் தீர்ப்பு.

வினா: 'பிள்ளை' என்ற பட்டம் ஏன் விடப்பட்டது?
விடை: அது ஜாதியைக் குறிப்பதாலும், அர்ச்சியசிஷ்டர்கள் எல்லா ஜனங்களுக்கும் பொதுவானவர்கள் ஆனதாலும்.

வினா: அவர் யாருடைய பிள்ளை என்று கேட்டால் என்ன சொல்வது?
விடை: நட்டாலத்தில் தேவகி அம்மையின் பிள்ளை, வடக்கன்குளத்து ஞானஸ்நானத் தொட்டியில் சர்வேசுரனுடைய பிள்ளை. நாமும் அதே ஞானஸ்நானத்தினால் அவருக்குச் சகோதரர்.

இந்த வார நற்கிரியை: இவ்வாரம் முழுவதும் யாரைப்பற்றிப் பேசினாலும் அவர் ஜாதியைக் கேளாமலும் சொல்லாமலும் இருக்கக் குடும்பத்தோடு தீர்மானம் செய்து, இரவு ஜெபமாலைக்குப்பின் அர்ச். தேவசகாயத்தை நோக்கி ஒரு பரலோக மந்திரம் ஒப்புக்கொடுங்கள்.