பழைய நூலில் புதிய ஸ்வெட்டர்: பின்னுமுன் ஒரு கணக்கு

கிங்ஸ் சர்க்கிளில் மழைக்காலம் நான்கு மாதங்கள்; குளிர்காலமோ பெயரளவிற்கே. ஆகவே என் தாயார் பல்லாண்டுகளுக்கு முன் வாங்கிய எட்டுக் கம்பளி நூல்கண்டுகள் பின்னப்படாமலே பெட்டியில் இருந்தன. இவ்வாண்டு என் மகன் மேற்படிப்பிற்காக டெல்லி சென்றான். அவனுக்கு முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று பின்ன வேண்டுமெனப் பாட்டி விரும்பினார். அவரது விரல்கள் இப்போது ஊசி பிடிக்க ஒத்துழைப்பதில்லை. பின்னும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அந்தச் சாயத்தில் நூல் இனிக் கடையில் கிடைக்காது. குறைந்தால் ஈடுசெய்ய வழியில்லை என்பதால், முதலில் இருப்பைக் கணக்கிட்டோம். அம்முறை வாசகர்களுக்கும் பயன்படக்கூடும்.

முதற்படி, நூலை அறிதல். விரல்நீள நூலை இடுக்கியில் பிடித்து, நீர்க்கிண்ணத்தின் மேல் கொளுத்துக. முடி கருகும் வாடை வீசிச் சாம்பல் பொடியானால் அது கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையே. அந்துருண்டை இட்டிருந்தும் எங்கள் கண்டுகளுள் ஒன்று பல இடங்களில் அறுந்திருந்தது, அதை விலக்கினோம்.

இரண்டாம் படி, எடை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை ஈர்த்தும் தொடுவதற்கு உலர்ந்தே தோன்றும். மழைக்காலத்தில் நிறுத்தால் இருப்பு மிகையாகத் தெரியும். எனவே அக்டோபரில், நிழலில் காற்றாட வைத்தபின் நிறுத்தோம். உறைகளின்படி 400 கிராம். பயன்படக்கூடியது 350 கிராம்.

மூன்றாம் படி, மாதிரித் துண்டு. 15 சென்டிமீட்டர் சதுரமாகப் பின்னி, மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, பிழியாமல் பரப்பி உலர்த்துக. நெடுநாள் சுற்றிக்கிடந்த நூலின் மடிப்புகள் அலசிய பின்னரே நேராகும். அதன்பின் எடுக்கும் அளவே மெய்யளவு. எங்கள் துண்டின் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் இருந்தன. துண்டின் எடை 9 கிராம். அதாவது, 100 சதுர சென்டிமீட்டருக்கு 4 கிராம்.

இனிக் கணக்கு. மார்பளவு 96 சென்டிமீட்டர். தளர்வுக்கு 8 கூட்ட, 104. ஒரு பக்கத்திற்கு 52 சென்டிமீட்டர், அதாவது 114 கண்ணிகள். இணைப்புத் தையலுக்கு 2 சேர்த்து 116. உயரம் 62 எனில், உடற்பகுதியின் பரப்பு 6,448 சதுர சென்டிமீட்டர். நூல் 258 கிராம். இரு கைகளுக்கு, சராசரி அகலம் 34, நீளம் 46 எனக் கொண்டால், மேலும் 125 கிராம். மொத்தம் 383, பத்து விழுக்காடு கையிருப்புடன் 421 கிராம். எங்களிடம் இருந்ததோ 350. கணக்கின்றித் தொடங்கியிருந்தால் இரண்டாம் கையின் நடுவில் நூல் தீர்ந்திருக்கும்.

வேற்று நிறத்தில் கைகளைப் பின்னலாம். அல்லது கையில்லாத ஸ்வெட்டராக அமைக்கலாம். பின்னதற்குக் கையிருப்புடன் 284 கிராம் போதும். இரண்டையும் தாயாரிடம் கூறினேன். கண்டுகளைச் சற்று நேரம் தடவியவர், “கை இல்லாவிட்டால் என்ன? சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளட்டும். வேறு நூல் வேண்டாம்” என்றார்.

முன்பக்கம் முடிந்து, பின்பக்கம் நடைபெறுகிறது. எஞ்சும் நூலில் ஒரு சிறு கண்டு, பிற்காலத்தில் கிழிசல் தைப்பதற்காக ஸ்வெட்டருடனேயே டெல்லிக்குச் செல்லும்.