இரைப்பைக் கிருமி: சிறுவர்க்கும் பெரியவர்க்கும் எதிர்ப்பு ஒன்றல்ல

புதுச்சேரியில் எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடம் நடத்துகையில் மாணவி ஒருத்தி, “அல்சர் ஏன் சார் பெரியவங்களுக்கே அதிகம் வருது?” என்று கேட்டாள்.

காரமும் பட்டினியும்தான் காரணம் என்பது வீடுகளில் வழங்கும் விடை. முக்கியக் காரணங்களுள் ஒன்று ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இதை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தனர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தியாவில் பலருக்கு இத்தொற்று குழந்தைப் பருவத்திலேயே வருகிறது. சிகிச்சை பெறாவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தங்குகிறது.

அப்படியானால் புண் மட்டும் ஏன் தாமதமாகிறது? சிலி நாட்டில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், கிருமியின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் குழந்தைகளின் இரைப்பையில் அழற்சி குறைவாகவே இருந்தது. எதிர்ப்பை அடக்கிவைக்கும் ‘டி’ செல்கள் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. இதனால் திசு காக்கப்படுகிறது, கிருமியும் தங்கிவிடுகிறது. பெரியவர்களிடம் எதிர்ப்பு கடுமையாகும்போது, திருடனை விரட்டப்போய் வீட்டுக் கதவையே உடைத்த கதையாகிறது. சேதமான சுவரை அமிலம் அரிக்கிறது.

‘எதிர்ப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது’ என்று கரும்பலகையில் எழுதி, சரியா தவறா என விவாதிக்கச் செய்யலாம். அளவான எதிர்ப்பே காப்பு என்ற முடிவுக்கு மாணவர்களே வருவார்கள்.

குழந்தைகளுக்கு அல்சரே வராது என்பதல்ல. விடாத வயிற்றுவலி, வாந்தி, கறுத்த மலம் என்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். கைகழுவுதலையும் பாதுகாப்பான குடிநீரையும் பழக்குவோம்.