ஜக் ரசல் டெரியர் கண்டிக்கு ஒத்துவருமா?

கேள்வி: கட்டுகஸ்தோட்டையில் சிறிய வீடு. ஜக் ரசல் டெரியர் வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கலாம், ஆனால் அதனுடன் ஓட ஆள் வேண்டும்.

உயரம் 25 முதல் 30 சென்றிமீற்றர்தான். இங்கிலாந்தின் பாதிரியார் ஜோன் ரசல் 1819இல் பால்காரர் ஒருவரிடம் வாங்கிய 'ட்ரம்ப்' என்ற பெட்டையில் தொடங்கிய வம்சம் இது. வளைக்குள் பதுங்கும் நரியை வெளியே விரட்டுவதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். தோட்டத்தில் எலி வாசம் பிடித்தால் போதும், முன்னங்கால்கள் மண்ணை வாரியிறைக்கும். வேலியடியில் கல் பதித்துவிடுங்கள். தினமும் ஒரு மணிநேரமாவது நடையும் ஓட்டமும் தேவை.

ஹந்தானைப் பக்கம் புல்லில் நடந்து வந்தால் காதுமடலையும் விரலிடுக்குகளையும் தடவி, உண்ணியோ அட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி பரப்பும் பபீசியா கிருமி இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். முரசு வெளிறினால் தாமதிக்காமல் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடத் தவறாதீர்கள்.